அப்பாவின் மெழுகுக் கட்டி

எம்.கே.பி. நகர், வியாசர்பாடி
24.9.2007

செங்குட்டுவா,

ஜெய்பீம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ஐதராபாத் ஹாஸ்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஒன்றரை அறை வீட்டில் அப்பா ஒரு காதை என் பக்கமே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். உன்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல, திருவொற்றியூரில் எங்கள் கண்டெய்னர் யார்டு ஆபீஸ் மேசைதான் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் போடு.

ஊசி குத்தி எடுத்த சதையில் புற்றுநோய்தான் என்று வந்துவிட்டது. வலது நுரையீரல். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, கீமோ ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர் பக்தவச்சலம். ஊசி குத்திய அன்றே நுரையீரல் சுருங்கிப்போய், விலாவில் குழாய் சொருகி ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை இவருக்கு ஊசி குத்தினால் ஆள் தாங்க மாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்பா அழவில்லை. "முப்பத்திரெண்டு வருசம் கரிக்கப்பல்ல குந்திகினு பீடி புடிச்சவன் நானு. இத்தினி நாள் உட்டதே பெருசு" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார். அழுதது நான்தான், தெருக் குழாயடியில்.

உலகத்தில் எத்தனையோ படிப்பு இருக்க, நீ இந்த நோயைத்தான் எடுத்துப் படிக்கிறாய். அம்மா செத்த பிறகு உன் யூனிஃபார்மைத் துவைத்துப்போட்ட கை இது. இதுவரை எதுவும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அப்பாவுக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்.

உன் அக்கா,
ரமா

*

ஐதராபாத்
3.10.2007

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெய்பீம். நான் நலம். உன் கடிதம் வந்த அன்று லேபுக்குப் போகவில்லை. நீ சாப்பாட்டு நேரத்தில் எழுதினால் எப்போது சாப்பிடுகிறாய்?

ஒரு காரியம் செய். எடுத்த சதையை ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கட்டியாக வைத்திருப்பார்கள். பிளாக் என்று கேள். நோயாளி வீட்டார் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் கொடுத்துவிடுவார்கள். அதை எனக்கு அனுப்பு. எங்கள் பேராசிரியரும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.

எதற்கு என்று அப்பா கேட்பார். இதைப் படித்துக் காட்டு. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பி53 என்று ஒரு மரபணு இருக்கிறது. கட்டி வளராமல் அடக்குவது அதன் வேலை. கப்பலில் ரோப் பிய்ந்தால் வேலையை நிறுத்தச் சொல்வாரே மேஸ்திரி, அவரைப் போல. செல்லுக்குள் சேதம் கண்டால் இந்த மேஸ்திரி கத்த மாட்டார், துண்டுச் சீட்டு அனுப்புவார். அந்தச் சீட்டுகளில் ஒரு வகைக்கு மைக்ரோ ஆர்என்ஏ என்று பெயர். ஒரு சீட்டு போய்ச் சேர்ந்தால் சில வேலைகள் நிற்கும். போதுமான சீட்டு போனால் அந்தச் செல் தானே செத்துவிடும். பி53 இப்படி ஒரு சீட்டுக் கூட்டத்தை அனுப்புகிறது என்று இந்த வருஷம்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கீமோ மருந்து செய்வதெல்லாம் செல்லைச் சேதப்படுத்துவதுதான். சேதத்தைப் பார்த்து 'போதும், செத்துப் போ' என்று சொல்ல மேஸ்திரியும் வேண்டும், சீட்டும் வேண்டும். அவர் இல்லாத கட்டியில் மருந்து அடிக்கும், செல் அடியை வாங்கிக்கொண்டு வளரும். யார் கட்டியில் மேஸ்திரி உயிரோடு இருக்கிறார், சீட்டு எவ்வளவு ஓடுகிறது, மருந்து எவ்வளவு கேட்டது என்று முப்பது பேரின் கட்டிகளில் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

ஃபாரம் ஒன்று இணைத்திருக்கிறேன். அப்பா கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் லேபில் வாங்க மாட்டார்கள். வெறும் சம்பிரதாயம்.

தம்பி,
செங்குட்டுவன்

*

திருவொற்றியூர்
15.10.2007

செங்கு,

ஜெய்பீம். நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். சாப்பிட்டுவிட்டேன், நீ கேட்பாய் என்றே சாப்பிட்டேன்.

பிளாக் வாங்கிவிட்டேன். அதற்கு மூன்று நாள் அலைச்சல். கடைசியில் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்த ஆஸ்பத்திரி லேப் ஆயா சீனியம்மாள், "இந்த ஒண்ணுதான்மா கீது. எங்கனா தொலைச்சிட்டு வந்து என்னாண்ட அயுதுகினு நிக்காத" என்று இரண்டு தடவை சொன்னார். டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவள் நகரச் சொன்னதற்குச் சண்டையே போட்டேன்.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளை மெழுகுக்குள் பென்சில் கோடு மாதிரி ஒரு துணுக்கு. "இத்தினூண்டுதானா? இதுக்கா இம்மா பேஜாரு" என்றார். உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார். மேஸ்திரி விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

உன் ஃபாரம் நாலு பக்கம் இங்கிலீஷ். "இன்னா போட்டுகீது?" என்று கேட்டார். "செங்கு அனுப்பினதுப்பா, போடு" என்றேன், போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். கட்டியோடு சேர்த்து இன்று கூரியரில் அனுப்பியாயிற்று. பத்திரம்.

பத்தாம் தேதி முதல் கீமோ ஏறியது. அன்று ஒன்றுமில்லை, மூன்றாம் நாளிலிருந்து வாந்தி. பக்கத்து வீட்டு ஜீனத் காலேஜ் விட்டு வந்து நான் வரும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.

கட்டி என்ன சொல்கிறது என்று உடனே எழுது.

அக்கா

*

ஐதராபாத்
22.11.2007

அன்புள்ள அக்கா,

ஜெய்பீம். நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், லேபில் வேலை அதிகம்.

கட்டி பத்திரமாக வந்தது. பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவு வர நேரமாகும்.

இரண்டு கீமோவுக்குப் பிறகு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. கட்டியின் அளவு, நீளம் அகலம் இரண்டும், தெளிவாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கீமோவும் எந்தத் தேதியில் ஏறியது, எவ்வளவு மருந்து என்றும் எழுது. ஆறு சுற்றையும் முடிக்கச் சொல். நடுவில் நிறுத்த வேண்டாம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

செங்குட்டுவன்

*

திருவொற்றியூர்
13.12.2007

செங்கு,

ஜெய்பீம். உனக்கு நலம், எனக்கும் நலம், அப்பா மட்டும்தான் பாக்கி.

நேற்று நாலாவது ஏறியது. நீ கேட்ட தேதிகளைத் தனித்தாளில் எழுதி, ஸ்கேனையும் வைத்திருக்கிறேன். கட்டி 4.6 சென்டிமீட்டர் இருந்தது 4.4 ஆகியிருக்கிறது. இது குறைந்த கணக்கா, அளந்தவர் கை நடுங்கிய கணக்கா? டாக்டர் "பாக்கலாம்" என்கிறார். நீயும் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறாய். எல்லாரும் பார்க்கிறீர்கள், வாந்தியை நான்தான் துடைக்கிறேன்.

முடி கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட எரிகிறது. நாலோடு போதும் என்று சொல்லிப் பார்த்தார். "செங்கு ஆறும் முடிக்கச் சொல்லியிருக்கான்" என்றேன். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு மாதமாகிறது. மேஸ்திரி இருக்கிறாரா இல்லையா? ஒரு வரி எழுத உனக்கு என்ன கஷ்டம்? கெட்ட செய்தி என்றால் என்னிடம் சொல், நான் தாங்குவேன். பதில் வராமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா

*

எம்.கே.பி. நகர்
20.1.2008

நைனா செங்கு,

ஜெய்பீம். அப்பன் நீலமேகம் சொல்றேன், ஜீனத்துப் பொண்ணு எய்துது. நான் சொல்றத மாத்தாம அப்டியே எய்தும்மான்னு சொல்லிகீறேன். ஒங்கக்காளுக்குத் தெரியாது, அவ வேலைக்குப் போய்கீறா.

ஒடம்பு எப்டி கீதுன்னு கேக்காத. போகிக்கு டயரு கொளுத்தி ஏரியாவே கலீஜாப் பூட்ச்சி. ஜன்னல்ல ஈரத்துணி கட்டிவுட்டு இந்தப் பொண்ணுதான் காப்பாத்துச்சி. அஞ்சாவதும் ஏத்தியாச்சி. இன்னும் ஒண்ணு. ஒனக்காவதான் ஏத்திகினேன், அத்த மனசுல வெச்சிக்க.

ஒங்கக்கா ராவும் பகலும் ஒரே கவலையாக் கீறா. ஒங்கிட்டேருந்து லெட்டரு வர்லன்னா எம் மேல எரிஞ்சி வியறா. நீ எத்தையோ அவளாண்ட சொல்லாம டபாய்க்கிறன்னு எனக்குத் தோணுது. நான் கேக்கல. சின்ன வயசுல ஸ்லேட்ட ஒடச்சிட்டு வந்தா மூணு நாளு மூஞ்சியக் காட்ட மாட்ட, அதே மாதிரி கீது.

டீக்கட தோஸ்துங்ககிட்டல்லாம் அந்த மேஸ்திரி கதைய சொல்லிகினு கீறேன். டீ ஆத்துற பச்சையம்மா கூட கேட்டுச்சி, ஒம் புள்ள ஒன்னியேவா படிக்கிறான்னு. ஆமான்னேன். சோக்கா கீதுல்ல, அப்பன் ஒடம்ப புள்ள படிக்கிறது.

ஒரு தபா வந்துட்டுப் போ நைனா. லீவு குட்த்தா வா, இல்லன்னா வேணாம்.

நீலமேகம்

*

திருவொற்றியூர்
18.2.2008

செங்கு,

ஜெய்பீம். நலம் விசாரிக்க நேரமில்லை, அவசரமாக எழுதுகிறேன். நீ ஃபோனை எடுக்கவில்லை, ஏழு தடவை அடித்துவிட்டேன்.

ஆறும் முடிந்து ஸ்கேன் எடுத்தோம். 5.8. இடது பக்கமும் புள்ளிகள். கீமோ கேட்கவில்லை. டாக்டர் பக்தவச்சலம் வேறு ஒரு வழி சொன்னார். தினம் ஒரு மாத்திரை. கட்டியில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாறியிருந்தால் அந்த மாத்திரை நன்றாக வேலை செய்யுமாம், ஒரு வருஷம்கூட நிம்மதியாக இருந்தவர்கள் உண்டாம். அவர்கள் ஆஸ்பத்திரியில் இதற்கு ஓர் ஆய்வு நடக்கிறது, மாத்திரையும் அவர்களே தருவார்கள். ஆனால் கட்டியைச் சோதித்து மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆளைச் சேர்ப்பார்கள். மார்ச் பத்தோடு சேர்க்கை முடிகிறது.

"பிளாக் எங்கம்மா?" என்று கேட்டார். "என் தம்பியிடம் பத்திரமா இருக்கு டாக்டர்" என்றேன். புதிதாக ஊசி குத்த முடியாது என்பது உனக்கே தெரியும். அந்தக் கட்டிதான் இப்போது எல்லாம்.

படிப்பை அப்புறம் பார். கட்டியை உடனே அனுப்பு.

அக்கா

*

ஐதராபாத்
4.3.2008

அன்புள்ள அக்கா,

ஜெய்பீம். கட்டியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஊரில் இல்லாததால் தாமதம்.

இந்த மாத்திரை எல்லாருக்கும் கேட்காது. பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு அந்த மாற்றம் இருப்பது அபூர்வம். ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

செங்குட்டுவன்

*

எம்.கே.பி. நகர்
15.3.2008

செங்குட்டுவன்,

நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஏழாம் தேதி கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கியபோதே எனக்கு ஏதோ போலிருந்தது. நான் அனுப்பியதைவிட வெள்ளையாக, வழுவழுப்பாக இருந்தது. ஐதராபாத்தில் சுத்தமாக வைத்திருக்கிறான் தம்பி என்று நினைத்துக்கொண்டேன். பார், எனக்கு அப்போதும் உன் மேல் பெருமைதான்.

பத்தாம் தேதி லேபுக்குக் கூப்பிட்டார்கள். சீனியம்மாள்தான் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பையன் கட்டியை மேசையில் வைத்து, "இதுல சதையே இல்லைங்க. வெறும் மெழுகு. முழுக்கச் சீவி எடுத்துட்டு, மேல புது மெழுகு ஊத்தியிருக்காங்க" என்றான். மாறிப் போயிருக்கும் என்றேன். கட்டியைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் ஓரத்தில் அப்பாவின் எண்ணைக் காட்டினான். எண் அதேதான். சீனியம்மாள் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப்போட்டார்.

டாக்டரிடம் போய் நின்றேன். கட்டி இல்லாமல் சேர்க்க முடியாது என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். "இவ்வளவும் ஒரே இடத்துல எதுக்கும்மா குடுத்தீங்க?" என்று கேட்டார். தம்பி கேட்டான், கொடுத்தேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து உன் ஃபாரத்தின் ஜெராக்ஸை எடுத்துப் படித்தேன். மூன்றாம் பக்கம், ஏழாவது பத்தி. 'சதை முழுவதும் ஆராய்ச்சியில் தீர்ந்துபோகலாம் என்பதை அறிவேன்.' முதல் பக்கத்திலேயே இருக்கிறது, இதனால் நோயாளியின் சிகிச்சைக்கு நேரடிப் பலன் எதுவுமில்லை என்று. கண்டெய்னர் ஆபீஸில் ஒரு நாளைக்கு நாற்பது ஃபாரம் பார்க்கிறவள் நான். ஒரு எழுத்து பிசகினால் லாரியைத் திருப்பி அனுப்புகிறவள். உன் ஃபாரத்தை மட்டும் படிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். தேதி கேட்டாய், மருந்தின் அளவு கேட்டாய், நீளம் அகலம் கேட்டாய். அக்கறை என்று நினைத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதி அனுப்பினேன். அது உன் முப்பது பேர் பட்டியலில் இன்னொரு வரிக்கு, இல்லையா? அப்பாவை ஆறு சுற்றும் முடிக்கச் சொன்னாயே, அவருக்காகவா, பட்டியலுக்காகவா?

சதை தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தால்கூட உன்னைத் திட்டிவிட்டு டாக்டர் காலில் விழுந்திருப்பேன். மூன்று வாரம் இருந்தது. நீ மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தாய். ஊரான் செய்தால் போலீசுக்குப் போகலாம். நீ செய்ததை எங்கே போய்ச் சொல்வேன்?

பதில் எழுது.

ரமா

*

எம்.கே.பி. நகர்
16.4.2008

செங்குட்டுவன்,

ஒரு மாதமாகிறது, பதில் இல்லை. ஃபோனும் இல்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று உன் ஹாஸ்டல் வாட்ச்மேன் சொன்னார், அது போதும்.

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். மாத்திரைக்கு இடம் நிரம்பிவிட்டது என்று பொய் சொல்லி வைத்திருந்தேன். முந்தாநாள் பதினாலாம் தேதி, அண்ணல் பிறந்த நாள். தெரு முனையில் மாலை போடும் இடத்துக்குத் தன்னையும் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிப்போனார்கள். நீல வேட்டி, நீலத் துண்டு, மொட்டைத் தலை. வந்தவர் போனவர் எல்லாம் உன்னைக் கேட்டார்கள். "எஞ் சதைய வெச்சிதான் எம் புள்ள ஆராய்ச்சி பண்றான். நாளைக்கு நம்ம புள்ளைங்க யாருக்கும் இந்த நோவு வந்தா அவன் கண்டுபுட்ச்ச மருந்துதான்" என்று மூச்சிரைக்க எல்லாரிடமும் சொன்னார்.

என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கட்டி, மெழுகு, மாத்திரை, எல்லாம். அவர் உன்னை நாலு வார்த்தை திட்டுவார், நானும் அவரோடு சேர்ந்து அழலாம் என்று இருந்தேன்.

அவர் நீலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டிருந்தா நானே குட்த்திருப்பேனே. இன்னாத்துக்கு ஒளிக்கணும்?" என்றார். அப்புறம், "பாவம், பயந்துகினு கீறான் பையன். நீ ஒண்ணும் காட்டமா எய்தாத" என்றார்.

ஏழு மாதமாக அவர் மலம், சளி, வாந்தி எல்லாம் என் கையில். பாவம் பார்த்தது உன்னை. என் வயிறு எரிகிறது. நீ செய்தது ஒரு பக்கம், அவர் செய்தது அதைவிட எனக்கு வலிக்கிறது.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "எத்தையோ எடுத்துகினான், போவட்டும். அது அவனுக்கு யூஸ் ஆச்சா? அத்த மட்டும் கேட்டு எய்து."

தினமும் மதியம் தபால்காரர் வந்தாரா என்று ஜீனத்திடம் கேட்கிறார். இப்போது ஆக்சிஜன் சிலிண்டர் வந்துவிட்டது. நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஒரு கேள்விக்காவது பதில் போடு.

ரமா

*

ஐதராபாத்
25.4.2008

அக்கா,

நலம் கேட்க எனக்கு வாய் இல்லை. உன் இரண்டு கடிதங்களையும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபரில் முதல் சீவல் எடுத்தேன். சீட்டுகள், அந்த மைக்ரோ ஆர்என்ஏ, தெளிவாகவே வந்தன. மிகக் குறைவாக இருந்தன. கீமோ அப்பாவுக்குப் பெரிதாகக் கேட்காது என்று அன்றே எனக்குச் சந்தேகம். ஆனால் இது லேபில் பேசுகிற பேச்சு அக்கா, இதை வைத்து எந்த டாக்டரும் மருந்தை நிறுத்த மாட்டார், நிறுத்தவும் கூடாது. அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு சுற்றும் முடித்தவர்கள்தான் என் பட்டியலில் வர முடியும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டில் எதற்காக அப்படி எழுதினேன் என்று இப்போது என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

பி53, அந்த மேஸ்திரி மரபணு, சோதனையில் வரவில்லை. மறுபடி சீவினேன், வரவில்லை. ஒவ்வொரு முறை கட்டியைச் சீவும் இயந்திரத்தில் ஏற்றும்போதும் அதன் முகப்பைச் சமன் செய்வதிலேயே கொஞ்சம் வீணாகும். டிசம்பரில் கட்டி மெலிந்துவிட்டது என்று தெரியும். இன்னும் ஒரே முறை என்று ஏற்றினேன். மற்றவர்கள் கட்டி என்றால் பாதியிலேயே நிறுத்தியிருப்பேன். அப்பாவுடையது என்பதால் எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஜனவரியில் தீர்ந்தது. நீ மாத்திரை பற்றி எழுதியபோது என் கையில் வெறும் மெழுகுதான் இருந்தது. அதன் மேல் புது மெழுகு ஊற்றியதும் நான்தான். அங்கே ஆஸ்பத்திரி லேபில் யாரோ பாழாக்கியதாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

அப்பா கேட்டதற்குப் பதில்: இல்லை. சதை எடுத்தது வெள்ளிக்கிழமை, மறுநாள் விநாயகர் சதுர்த்தி, அப்புறம் ஞாயிறு. செவ்வாய்தான் மெழுகில் பதித்திருக்கிறார்கள். அதுவரை புட்டியில் ஃபார்மலினிலேயே கிடந்திருக்கிறது. சீட்டு சின்னது, பிழைத்துக்கொள்ளும். பி53 நீளமான மரபணு, துண்டு துண்டாகிவிட்டது. இரண்டும் இருந்தால்தான் என் கணக்கில் சேரும். முப்பத்தொன்றாவது ஆளாக அப்பாவைச் சேர்த்திருந்தேன். பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார். கட்டுரை முப்பது பேரோடுதான் வருகிறது.

மாத்திரைச் சோதனைக்குச் சின்னத் துண்டுகளே போதும். என்னிடம் வந்தபோது கட்டி முழுசாக இருந்தது. சோதனையில் அந்த மாற்றம் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். தெரியாது அக்கா. இனி யாருக்கும் தெரியாது.

நான் வரட்டுமா? நீ சொன்னால் அன்றே ரயில் ஏறுகிறேன்.

செங்கு

*

எம்.கே.பி. நகர்
2.5.2008

செங்குட்டுவன்,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. மே ஒன்று, லீவு, நான் வீட்டில் இருந்தேன். தபால்காரர் ஏன் வந்தார் என்று தெரியவில்லை, அப்பா கொடுத்து வைத்தவர் என்று வைத்துக்கொள்வோம். உறையைப் பார்த்ததுமே ஆக்சிஜன் முகமூடியை எடுக்கச் சொல்லி, உட்காரவைக்கச் சொன்னார். ஜீனத்தும் வந்து நின்றாள்.

முதலில் எனக்குள் படித்தேன். 'இல்லை' என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையும் இல்லை, படிப்புக்கும் இல்லை. ஒரு மனிதனுடைய சதை, எதற்கும் இல்லை. அதை அவரிடம் எப்படிப் படிப்பது?

அதனால் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். நாற்பது ஃபாரம் பார்க்கிறவளுக்கு ஒரு ஃபாரம் பொய்யாகப் படிக்க எவ்வளவு நேரமாகும்? யூஸ் ஆச்சுப்பா, முப்பத்தொரு பேரில் உன்னுடையதிலிருந்துதான் முக்கியமான விஷயம் தெரிந்ததாம், உன் பெயரைப் போட முடியாதாம், ஆனால் முதல் வரியே நீதானாம் என்று படித்தேன். அவர் ஜீனத்தைப் பார்த்து, "கேட்டியாம்மா, மொத வரி" என்றார். ஏழு மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. கொஞ்சம் ரசமும் சோறும் இறங்கியது.

சாயங்காலம் மறுபடி படிக்கச் சொன்னார். மத்தியானம் என்ன சொன்னேன் என்று நினைவுபடுத்தி, அதே வார்த்தையில் சொன்னேன். இன்று காலை மூன்றாவது தடவை. ஒரு இடத்தில் வார்த்தை மாறிவிட்டது, "அப்டியா எய்திகீறான்?" என்று கேட்டார். அதனால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது அந்தக் கடிதத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளக் கேட்கிறார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், உன் கையெழுத்தும் தெரியும். நாளைக்குத் தருகிறேன் என்று சமாளித்திருக்கிறேன்.

நான் படித்ததை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன், ஏழு வரி. உன் கையெழுத்தில், இருபத்தைந்தாம் தேதி போட்டு, பெரிய எழுத்தாக எழுதி இன்றே கூரியரில் அனுப்பு. வளைக்காதே, சேர்க்காதே. இதற்கு மேல் மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் உள்ளே வைக்காதே. மெழுகு ஊற்றத் தெரிந்த உனக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

நீ வர வேண்டாம். அவர் இருக்கும்வரை உன் மேல் அவருக்கு இருக்கிற பெருமையை நான் தொட மாட்டேன். அவருக்குப் பிறகு இந்த வீட்டில் உனக்கு யாரும் இல்லை.

ரமாபாய்

'அப்பாவுக்கு ஜெய்பீம். நான் நலம்.
நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், யூஸ் ஆச்சு.
முப்பத்தொரு பேர் கட்டியைப் பார்த்தோம்.
முக்கியமான விஷயம் உன்னுடையதிலிருந்துதான் தெரிந்தது.
பெயர் போட முடியாது, ஆனால் முதல் வரியே நீதான்.
கேட்காமல் எடுத்தது என் தப்பு.
உன் மகன், செங்கு.'